மலை ஓட்டமும் காட்டு நடையும்

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்திலே சில்வர்ற்றன் என்றொரு சிற்றூர் உண்டு. முன்னாளில் வெள்ளிச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர் அது. ஆண்டுதோறும் யூலை மாதத்தில் அவ்வூருக்குச் செல்பவர் ஒரு விந்தையைக் காணலாம். உடலெங்கும் புழுதி படிந்து, கண்கள் உள்வாங்கி, கால்கள் தள்ளாட, ஒருவர் பின் ஒருவராக மனிதர் வருவர். சிலர் பகலில் வருவர். சிலர் நள்ளிரவில் வருவர். வந்தவர் ஒவ்வொருவரும் அங்கு நிறுத்தப்பட்டுள்ள பெருங்கல் ஒன்றை அணைத்து முத்தமிடுவர். மலையாட்டுக் கடாவின் தலை தீட்டப்பட்ட கல் அது. அதனை முத்தமிட்ட பின்னரே ஓட்டம் முடிந்ததாகக் கணக்கு. 1992 ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வோட்டத்தின் நீளம் 100 மைல். வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 33,000 அடி. நமது நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையைக் கடல் மட்டத்திலிருந்து நான்கு முறை ஏறுவதற்கு ஒப்பானது. கால எல்லை 48 மணித்தியாலம்.

இச்செய்தியைக் கைத்தொலைபேசியிற் கண்ட மாணவர் சிலர் சென்ற தவணையில் நம்மிடம் வந்து, "சேர், முதலாவதா வந்தவருக்கு எவ்வளவு காசு?" என்று வினவினர். காசு ஒன்றும் இல்லை என்றோம். "அப்ப என்னத்துக்கு ஓடுறாங்க?" என்றான் அவர்களுள் ஒருவன். வகுப்பு மணி அடித்துவிட்டது. வினா நல்ல வினா. ஆகவே அதனை இவ்வாரம் இப்பகுதிக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் என்பதை விளையாட்டுப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் யாவரும் அறிவர். அதனைக் கடந்த ஓட்டம் எதுவாயினும் நெடுமரதன் எனலாம். தென்னாபிரிக்காவில் 1921 ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, விக் கிளப்பம் என்னும் முன்னாள் போர்வீரர் தொடங்கிய ஓட்டம் இவற்றுள் மூத்தது. பீற்றர்மரிற்ஸ்பேர்க், டேர்பன் ஆகிய இரு நகரங்களுக்கிடையே ஏறத்தாழ 90 கிலோமீற்றர். முதலாண்டில் ஓடப் புறப்பட்டவர் 34 பேர். இன்றோ ஆயிரக்கணக்கானோர் ஓடுகின்றனர்.

அது வீதியில் ஓடும் ஓட்டம். மலைப்பாதை ஓட்டத்தின் கதை வேறு. கலிபோர்ணியாவில் குதிரைக்காரருக்கென 100 மைல் மலைப்பந்தயம் ஒன்று நடந்துவந்தது. ஒரே நாளில், அதாவது 24 மணித்தியாலத்துள், குதிரையுடன் எல்லையை அடைதல் வேண்டும். கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை 1973 இல் இடைவழியில் நொண்டியது. மறு ஆண்டு அவர் குதிரையின்றியே புறப்பட்டார். குதிரைகளுக்கிடையே தாமும் ஒன்றாய் ஓடி 23 மணித்தியாலம் 42 நிமிடத்தில் எல்லையை அடைந்தார். மனிதன் இரண்டு காலால் இதனைச் செய்யலாகும் என்று கண்டபின், பிறரும் ஓட விரும்பினர். இன்று உலகெங்கும் நடைபெறும் 100 மைல் மலை ஓட்டங்கள் பலவற்றிற்கு வித்து அந்த நொண்டிக் குதிரைதான்.

எந்த நல்ல காரியமும் நான்கு பேருக்குப் பிடித்துவிட்டால் அதற்குச் சந்தை வந்துவிடும். இதற்கும் வந்தது. விளம்பரத் துணி, வெளிநாட்டுச் சப்பாத்து, கைக்கடிகாரம், டொலரிற் கட்டணம். நம் மலைநாட்டில் நடந்த ஓர் ஓட்டத்தின் நுழைவுக் கட்டணத்தை விசாரித்து, இலக்கங்களை எண்ணிப் பார்த்து, மெல்லத் தொலைபேசியைக் கீழே வைத்தவர்களுள் நாமும் ஒருவர். ஆயினும் இவற்றுக்கு அப்பால் எளிய ஓட்டங்களின் மரபொன்றும் உயிருடன் இருக்கின்றது. 1970 களின் இறுதியில் கலிபோர்ணியாவில் ஜோ ஓக்ஸ் என்பவர் நண்பர்களை அழைத்து 50 மைல் ஓட்டம் ஒன்றை நடத்தினார். அவ்வழியைப் பின்பற்றிப் பல ஊர்களிலும் நண்பர் கூட்டங்கள் ஓடலாயின. கட்டணம் கிடையாது, பதக்கம் கிடையாது, வழியில் சோறு தண்ணீர் தருவாரும் கிடையாது. வந்தவர் ஓடுவர், முடிந்தவர் முடிப்பர், பின்னர் எல்லோரும் கூடியிருந்து உண்டு வீடு திரும்புவர்.

டெனசி மாநிலத்து மலைக்காட்டில் 1986 முதல் நடைபெறும் பார்க்லி ஓட்டம் இவ்வகையில் விசித்திரமானது. விண்ணப்பக் கட்டணம் ஒரு டொலர் அறுபது சதம். புதிதாக வருபவர் தம் ஊர் வாகன இலக்கத்தகடு ஒன்றையும் கொண்டுவருதல் வேண்டும். ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது எவருக்கும் சொல்லப்படாது. நடத்துபவர் கூடாரங்களுக்கிடையே நின்று சங்கு ஊதுவார். ஆம், நம் கோயிற் சங்கு போன்ற சங்குதான்! சங்கு ஊதி ஒரு மணித்தியாலத்தில் ஓட்டம் ஆரம்பமாகும். வழிகாட்டும் பலகைகள் இல்லை. காட்டினுள் ஆங்காங்கே பழைய புத்தகங்களை மறைத்து வைத்திருப்பர். ஓடுபவர் ஒவ்வொரு புத்தகத்திலும் தம் இலக்கத்துக்குரிய தாளைக் கிழித்து வந்து காட்டுதல் வேண்டும். சுற்றுக்கள் ஐந்து, எல்லை 60 மணித்தியாலம். எவருமே முடிக்காத ஆண்டுகள் பல. 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யஸ்மின் பாரிஸ் என்னும் பிரித்தானியப் பெண்மணி, எல்லை மூடுவதற்கு 99 விநாடிகளே எஞ்சியிருக்க, வாயிற்கம்பியைத் தொட்டு அப்படியே நிலத்திற் சரிந்தார். ஐந்து சுற்றுக்களையும் முடித்த முதற் பெண் அவர். விலங்கு வைத்தியர், இரண்டு பிள்ளைகளின் தாய்.

பெண்கள் நெடுந்தூரம் ஓடினால் உடல் கெடும் என்று அரைநூற்றாண்டுக்கு முன்வரை பெரிய மனிதர்கள் பலர் எழுதிவந்தனர் என்பதை நம் பெண்பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் ஓட்டம் வைத்ததே 1984 இல்தான்.

இனி, இவ்வோட்டம் எவ்வாறு ஓடப்படுகின்றது என்பதைச் சிறிது பார்ப்போம். மலை ஓட்டக்காரர் மலைமேல் ஓடுவதில்லை. செங்குத்தான ஏற்றம் வந்தால் கைகளைத் தொடைமீது ஊன்றி நடப்பர். முதலாவதாக வருபவரும் அவ்வாறே. ஏற்றத்தில் ஓடிச் செலவிடும் சக்திக்கு அதற்கேற்ற நேரம் மிச்சமாவதில்லை. இறக்கமே தொல்லை தருவது. மலை இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் அதன் நார்கள் நுண்ணிதாகக் கிழியும். சிவனொளிபாத மலைக்குச் சென்று வந்தோர் மறுநாள் வீட்டுப் படிக்கட்டில் இறங்க மாட்டாமல் பின்புறமாக இறங்குவதன் காரணம் இதுவே. மிதமிஞ்சிச் சிதைந்தால் தசையின் பொருள்கள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் சாயம் கூடிய தேநீரின் நிறத்தில் இறங்கினால் உடனே வைத்தியரிடம் செல்க. நோவைப் பொறுக்கமாட்டாமல் நோவுக் குளிசைகளை இரண்டு மூன்றாய் விழுங்கிக்கொண்டு நடப்பது அந்நிலையில் மிகவும் தீது. உடலில் நீர் வற்றியிருக்கும்போது அக்குளிசைகளுட் பல சிறுநீரகத்துக்குப் பகை.

நீரைப்பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. எவ்வளவு குடிக்கின்றோமோ அவ்வளவு நன்று என்பதே அது. வியர்வையில் உப்பும் போகின்றது. உப்பை ஈடுசெய்யாமல் வெறும் நீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தின் உப்பு ஐதாகும்; மூளை வீங்கும்; தலையிடி, வாந்தி, தடுமாற்றம், மயக்கம் என வளர்ந்து உயிருக்கே ஊறாகும். 2002 ஆம் ஆண்டுப் பொஸ்ரன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பதின்மூவருக்கு உப்புக் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடி, உப்போடு குடி என்பதே இப்போதைய வைத்திய முடிபு. நமது பாட்டிமார் தந்த தேசிக்காய் உப்புத் தண்ணீரும் மோரும் இம்முடிபுக்கு முன்னரே வந்துவிட்டவை.

மலையோ மனிதரின் ஆயத்தத்தைக் கேட்டு வானிலையை மாற்றுவதில்லை. 2021 மே 22 ஆந் திகதி, சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று நடந்தது. ஓடியவர் 172 பேர். மலைமேல் ஏறிக்கொண்டிருக்கையில் கடுங்காற்றும் ஆலங்கட்டியும் உறைமழையும் ஒருங்கே வந்தன. மெல்லிய சட்டையுடன் வந்தவர்கள் குளிரில் விறைத்து வீழ்ந்தனர். 21 பேர் மாண்டனர். அந்நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரரான லியாங் ஜிங்கும் அவர்களுள் ஒருவர். கனத்த மேலங்கி கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. அன்று ஆடு மேய்க்கச் சென்ற இடையர் ஒருவர், மழைக்கு ஒதுங்கிய குகையில் தீ மூட்டி, வழியில் கிடந்தவர்களுட் கைக்கெட்டிய அறுவரைக் காப்பாற்றினார். அவ்விடையருக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மலையைத் தெரியும்.

இத்தனையும் வாசித்துவிட்டு, மட்டக்களப்பில் இருந்துகொண்டு மலையோட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமே. நமக்குக் கிழக்கே கடல், நடுவே வாவி, மேற்கே வயல். மலையென்று சுட்ட வேண்டுமாயின் தொலைவிலே குடும்பிமலையைச் சுட்டவேண்டும். ஆனால் நெடுந்தூரம் காலால் கடத்தலை உலகுக்கு நாம் கற்பிக்கலாமேயன்றிக் கற்கவேண்டியவர்கள் அல்லர். கதிர்காமப் பாதயாத்திரையைத்தான் சொல்கின்றோம்.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், சித்தாண்டி எனக் கோயில்தோறும் தங்கி மட்டக்களப்பை அடைவர். மாமாங்கத்தில் நீராடி, எழுவான்கரையால் நடந்து, குருமண்வெளியிற் பாதையேறி வாவியைக் கடந்து மண்டூரை அடைவர். வாவியைக் கடக்கும் மிதவையை நாம் பாதை என்றே வழங்குகின்றோம். பிற ஊரார்க்கு இது விளங்குவதில்லை. நிலத்திலும் பாதை, நீரிலும் பாதை என்று நகைப்பர். சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூரிலிருந்து திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தை. அங்கே வீதி முடியும்; காடு தொடங்கும். வடக்கிலிருந்து வருவோர்க்கு முழு யாத்திரையும் ஒன்றரை மாதத்தை அணுகும். மட்டக்களப்பார் பலரும் உகந்தையிலிருந்து காட்டுவழியை மட்டும் நடப்பதுண்டு. அதற்கு நான்கு முதல் ஆறு நாள்.

உகந்தைமலை முருகன் சந்நிதியில் அரோகரா சொல்லிப் புறப்பட்டால், குமுக்கன் ஆறு வரை குமுனைச் சரணாலயம். ஆற்றைக் கடந்தால் யாலைக் காடு. நாவலடி, வியாழை, கட்டகாமம் எனத் தங்குமிடங்கள் வரும். யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் காடு. விழாக்காலத்தை ஒட்டிச் சில நாட்களுக்கே அரசாங்கத்தார் காட்டுவழியைத் திறந்துவிடுகின்றனர். அந்நாட்களிலோ கச்சான் காற்று வீசும். மேற்கேயிருந்து வரும் அவ்வனற்காற்றுக்குப் புல் கருகும், குளம் வற்றும், மணல் கொதிக்கும். குமுக்கன் ஆற்றங்கரையில் மருதமரங்கள் நிழல்பரப்பி நிற்கும் இடத்தை அடைந்தவர், அங்கிருந்து எழுந்து செல்ல மனமின்றித் தத்தளிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். நாமும் தத்தளித்தோம்.

இவ்வழியை நாம் இருமுறை நடந்துள்ளோம். காட்டினுட் புகுந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் "சாமி". ஊரிலே நம்மைச் சேர் என்று அழைக்கும் பழைய மாணவனும் சாமி என்றான். வங்கி முகாமையாளரும் சாமி. கூலிவேலை செய்பவரும் சாமி. இரண்டாம் முறை சென்றபோது படுவான்கரையைச் சேர்ந்த ஓர் அம்மையார் நமது கூட்டத்துக்கு முன்னும் பின்னுமாக நடந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. காலிற் செருப்பில்லை. தலையில் ஒரு சிறு பொதி. அதனுள் ஒரு சேலை, அவல், சர்க்கரை, திருநீறு. இளைஞர் சிலர் விலையுயர்ந்த சப்பாத்துக்களோடு காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு அவரை ஓட்டமாய் முந்திச் செல்வர். பகல் முழுதும் வெயிலில் வாடிக் கொப்புளங்களுடன் மாலையில் தங்குமிடத்தை அடைந்து பார்த்தால், அம்மையார் முன்னமே வந்து, துயின்று எழுந்து, தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பார். "சாமி, வெயிலோட பந்தயம் புடிக்கேலாது. நிலவுக்க நடக்கணும், வெயிலுக்க படுக்கணும்" என்று அவர் சொன்ன அளவில் அவர்தம் பயிற்சி நூல் முடிந்துவிட்டது. அவர் துயில்விட்டெழுவது பின்னிரவு மூன்று மணிக்கு. முதலாம் நாள் நாமும் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரிக்கத்தான் செய்தோம்; இரண்டாம் நாள் முதல் மூன்று மணிக்கு எழுந்தோம்.

மெக்சிக்கோ நாட்டு மலைப்பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்த அம்மையாரே நினைவுக்கு வருகின்றார். பழைய வண்டிச் சில்லின் இறப்பரில் வெட்டிய செருப்பை வாரால் கட்டிக்கொண்டு ஓடுபவர்கள் அவர்கள். 1993 இல் கொலராடோவின் லெட்வில் 100 மைல் ஓட்டத்துக்கு அவர்களை அழைத்துவந்தனர். முதலாவதாக வந்த விக்ரோரியானோ ஐம்பது வயதைக் கடந்தவர். சப்பாத்து வணிகர் திகைத்தனராம்.

யாத்திரையின் பழைய வரலாறும் எளிதானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதிர்காமத்துக்கு வந்த பெருங்கூட்டங்களிடையே வாந்திபேதி பரவியதால், 1870 களில் ஆங்கில ஆட்சியாளர் யாத்திரைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தனர். 1910 ஆம் ஆண்டு அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ப், விழாக்காலத்தில் கதிர்காமத்தில் தங்கிக் கூட்டத்தைக் கண்காணித்தார். மூன்றாண்டின் பின் அவர் எழுதிய காட்டுக் கிராம நாவலில் அத்தகைய யாத்திரை ஒன்று வருகின்றது. கடவுளில் நம்பிக்கையற்றவராகிய அவர், நோயாளரும் முதியோரும் அக்காட்டைக் கடந்து வந்த உறுதியைக் கண்டு வியந்தார். 1950 ஐ ஒட்டி மோட்டார் வீதி வந்ததும் பெரும்பாலோர் பஸ் வண்டிக்கு மாறினர். பின்னர் போர் வந்தது. வடக்கையும் கிழக்கையும் இணைத்த நடைவழி அறுந்தது. 1988 முதல் அதனை மீள நடக்கவைக்க முயன்றோருள் பற்றிக் ஹரிகன் என்னும் அமெரிக்கரும் ஒருவர். போர் முடிந்த 2009 ஐ அடுத்து மீண்டும் கூட்டம் பெருகி, இப்போது காட்டுவழியில் ஆண்டுக்குப் பல்லாயிரவர் நடக்கின்றனர்.

பெருக்கம் மகிழ்ச்சிக்குரியது; தொல்லையும் அதனோடு வருகின்றது. நம் காலத்தில் யாலைக் காட்டுக்குள்ளே பொலித்தீன் பைகளும் வெற்றுப் போத்தல்களும் குவிகின்றன. அவற்றை யானை தின்னும், மான் தின்னும். இன்னொரு புதுப் பழக்கமும் தலைகாட்டுகின்றது. உகந்தையிலிருந்து கதிர்காமத்தை ஒன்றரை நாளில் முடித்தேன், இரண்டு நாளில் முடித்தேன் என்று இளைஞர் சிலர் கைத்தொலைபேசியில் அறிவிக்கின்றனர். ஓடுவதை நாம் வெறுப்பவர் அல்லேம் என்பதை இதுவரை வாசித்தவர் அறிவர். ஆயினும் அவ்வழியில் வேகம் பார்ப்பது நமக்கு உவப்பாக இல்லை. கூட்டத்தோடு செல்லும்போது விலங்கு விலகும். தனியே ஓடுபவன் வளைவொன்றில் கரடியின் முன் நிற்பான். அன்றியும், வழியில் ஒருவர் மயங்கி வீழ்ந்தால் நின்று தண்ணீர் கொடுப்பது அவ்வழியின் முதல் விதி. நேரம் பார்ப்பவனுக்கு அது தடையாகத் தோன்றும். வேகம் வேண்டுவோர்க்கு மலைநாட்டில் இடமுண்டு. கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களூடே, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக அமைந்த பீக்கோ நடைவழி உண்டு. நாலைந்து நண்பர்கள் கூடி, விடியலிற் புறப்பட்டு, இரண்டு மூன்று கட்டங்களை ஒரே நாளில் ஓடிப் பார்க்கலாம். பதக்கம் வேண்டுமாயின் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம்.

இத்தகைய ஓட்டம் ஒன்றுக்குச் செல்ல விரும்பிய மாணவி ஒருத்தியின் தாயார் அண்மையில் நம்மிடம் வந்தார். "சேர், பொம்புளைப் புள்ள மலையில அம்பது கிலோமீற்றர் ஓடப் போறனெண்டு நிக்கிறா. நீங்களாவது சொல்லுங்க" என்றார். கண்களில் உண்மையான அச்சம் இருந்தது. இப்பகுதித் தாய்மாரின் அச்சத்தை எளிதாகக் கொள்பவர் இந்நாட்டின் வரலாற்றை அறியாதவர். வெளியே சென்ற பிள்ளை திரும்பாத நாட்களைக் கண்டவர்கள் அவர்கள். சிறிது நேரம் பேசிய பின், அவருடைய தாயார் கதிர்காமம் சென்றதுண்டா என்று கேட்டோம். "ஓம், மூணு தரம் நடந்து போனவ. காட்டுக்குள்ளால" என்றார். சொல்லிவிட்டுச் சற்று மௌனமானார். "அவ கும்பிடப் போனவ, இவ விளையாடப் போறா" என்று பின்னர் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கின்றது. இரண்டும் ஒன்றென்று நாம் வாதிடவில்லை. பேத்தியின் கால்கள் எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் நினைவூட்டினோம். தமையன் உடன்செல்வதென்றும், முதலில் 20 கிலோமீற்றர் ஓடிப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. பிள்ளை இப்போது விடியலில் கடற்கரை மணலில் ஓடிப் பழகுகின்றாள். தாயார் கல்லடிப் பாலத்தடியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

பரிசு பெறாத ஓட்டத்துக்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற சான்றும் உண்டு. 1964 ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் இலங்கையின் றணதுங்க கருணானந்த ஓடினார். அவரது இலக்கம் 67. வென்றவர்கள் எல்லையைக் கடந்த பின்னரும் அவருக்குச் சுற்றுக்கள் எஞ்சியிருந்தன. அவர் விலகிச் செல்லவில்லை. வெறும் களத்தில் தனியொருவராய் ஓடினார். முதலில் நகைத்த கூட்டம் பின்னர் மௌனமாயிற்று. இறுதிச் சுற்றில் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. கடைசியாக வந்த அவருடைய கதையை யப்பானியர் தம் பள்ளிப் பாடநூலிற் சேர்த்தனர். அன்று முதலாவதாக வந்தவர் அமெரிக்கரான பில்லி மில்ஸ். அதுவும் எதிர்பாராத வெற்றிதான். எனினும் யப்பானியப் பிள்ளைகள் படித்தது 67 ஆம் இலக்கத்தைப் பற்றி.

இவ்வாண்டு காட்டுவழி நடக்க எண்ணும் மாணவர்க்குச் சில சொல்லிவைப்போம். பொதி உடற்பாரத்தில் பத்திலொன்றை மீறவேண்டாம். தண்ணீருக்கு இரண்டு போத்தல். பவுசர் நிற்கும் இடங்களில் நிரப்பிக்கொள்க. வற்றிய குளத்து நீரைக் காய்ச்சாமற் குடிக்கற்க. உப்பும் தேசிக்காயும் சிறு பொட்டலமாக இருக்கட்டும். அவல், கச்சான், பனங்கட்டி போதும். பிஸ்கற்று நொறுங்கித் தூளாகும், அதன் உறையும் காட்டிற் கிடக்கும். யானையைக் கண்டால் படம் எடுக்க நில்லாமல் கூட்டத்தோடு சேர்க. கொப்புளம் எழுமுன் தோல் எரியும். அப்போதே நின்று மணலைத் தட்டி, துணிநாடாவை ஒட்டிக்கொள்க. எழுந்தபின் ஒட்டிப் பயனில்லை. புதுச் சப்பாத்து வாங்குவோர் இரண்டு மாதம் முன்னரே வாங்கிப் பழக்குக. நாலாம் நாள் கால் வீங்கும் ஆதலால் ஓர் அளவு பெரிதாக வாங்குக. அதுவும் காலையிலன்றி, மாலையிற் கடைக்குச் சென்று போட்டுப் பார்த்து வாங்குக.